கம்பத்தின் நிழல்

காத்தான்குடிப் பிரதான வீதி. காலை பத்து.
கல்முனை பஸ்ஸுக்கு நிற்கிற ஐந்து பேரும்
ஒருத்தர் பின்னால் ஒருத்தராய்
மின்கம்பத்தின் நிழலுக்குள்.

நடுவீதியில் ஈச்சமரங்கள்.
அழகுதான், படமெடுக்க வருகிறார்கள்.
அவற்றின் நிழல்
வான்களின் கூரையேறிப் போய்விடுகிறது.

பஸ் பிந்துகிறது.
நிழல் கட்டையாகக் கட்டையாக
வரிசையின் கடைசியாள் வெயிலில் கழன்று விழவேண்டும்.
இன்றைக்கு நசூஹா ராத்தா,
ஒரு கையில் ஊன்றுகோல், மறுகையில் கிளினிக் கொப்பி.

முன்னுக்கு வரச்சொன்னோம்.
"நான் உள்ள வந்தா இன்னொராள் வெளியே.
கணக்கு அப்படித்தானே தம்பி?"

நோன்புக்கு முதல்
கேபிள்காரர் உடைத்துவிட்டுப் போன
நடைபாதைச் சதுரம் ஒன்று அங்கே.
அதற்குள் ஒரு வாகைக்கன்று,
மேலே கவிழ்த்த பழைய மேசைவிசிறிக் கூடு.
வைத்தது யாரென்று கேட்டால்
பழக்கடைக்காரர் தராசைத் துடைக்கிறார்.
போன கிழமை
சீமெந்தோடு வந்த நகரசபை ஆட்கள்
கொஞ்சநேரம் கூட்டையே பார்த்திருந்துவிட்டு
அடுத்த குழிக்குப் போனார்கள்.

போத்தலில் மிஞ்சிய தண்ணீரை ஊற்றுகிறார் ராத்தா.
முழங்காலளவு மரம்.
சுட்டுக்கிடந்த செருப்பில் ஒன்றைக் கழற்றி
அதன் நிழலில் வைக்கிறார்.

சரியாக இருக்கிறது,
ஒன்றுக்கு.