எண்ணிக்கையில் ஒன்று

எமரால்டு அணைக்கு மேலே
பஸ் திரும்பும் வளைவிலிருந்து எட்டு நிமிட ஏற்றம்.
இரட்டை வேலி, பூட்டு, மஞ்சள் பலகை:
உயிரிப் பாதுகாப்புப் பகுதி, உள்ளே வராதீர்.
காட்டெருமைக்கு வாசிக்கத் தெரியாது.
எனக்குத் தெரியும்,
அதனால்தான் இந்த வேலை.
இலை எண்ணுவது.

செடிக்குப் பத்து இலை.
ஓரத்தில் எண்ணெய் பட்ட காகிதம்போல் கசிந்திருந்தால் ஒன்று,
அடியில் வெள்ளைப் பூஞ்சை கண்டால் இரண்டு,
கருகித் தொங்கினால் ஐந்து.
கார்போகம் முழுக்க, சாரலில் நனைந்த நோட்டில்,
நான் எழுதியதெல்லாம்
சைபர், சைபர், சைபர்.

வேலிக்கு அந்தப்புறம் ஜோகியின் தோட்டம்.
பதினொரு முறை மருந்தடித்தார்.
பன்னிரண்டாவதுக்கு மருந்துக்கடை கடன் தரவில்லை.
வியாழக்கிழமை பச்சையாகத்தான் இருந்தது.
திங்கள் போய்ப் பார்த்தால்
வெந்நீர் ஊற்றியதுபோல் நின்றது மொத்தமும்.
அழுகல் வாடை வேலி தாண்டி வந்தது.
வாடைக்கு ஏது பலகை?

இதில் என்ன கலந்திருக்கிறது என்று
பாக்கியசெல்விதான் கேட்டாள்.
டீக்கடையில் தேள் என்றார்கள், பன்றி என்றார்கள்,
ஆம்பிளைகளுக்கு ஆகாது என்றார்கள்.
உமர் சார் சொன்னார்:
கடல் தாண்டி ஏதோ மலையில்
யாரும் விதைக்காமல் முளைக்கும் காட்டுக் கிழங்கு,
அதன் ஒரே ஒரு மரபணு.
"அப்போ காட்டுக்காரனும் நாட்டுக்காரியும்
கட்டிக்கிட்ட கதை.
இதுக்கா சார் ரெண்டு வேலி?"
"அதுக்குத்தான்டி எல்லா ஊரிலும் வேலி" என்றேன்.
சார் சிரிக்கவில்லை.
பேனாவை மூடி, திறந்து, மூடினார்.

ஒருநாள் கோட் போட்ட நாலு பேர் வந்தார்கள்.
அதில் உயரமானவர்
பள்ளத்தாக்கைப் பார்த்துக் கை வீசிப் பேசினார்
உலகத்தின் பசியைப் பற்றி.
கோடிக்கணக்கான வாய்கள் என்றார்.
நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் கடைபோகத்தில் நோயே இல்லை.
மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டைமேல் மூட்டை.
கிலோ இரண்டு ரூபாய்,
லாரிக்கும் சாக்குக்கும் மூன்று.
ஜோகி ஓடைக்கரையில் கொட்டிவிட்டு வந்து படுத்தார்.
அதே வாரம் எங்கள் லைனுக்கு
ரேஷன் அரிசி வரவில்லை.
நிரோஷினி பள்ளிக்கூடச் சத்துணவோடு
நாளை முடித்துக்கொண்டாள்.
அந்த வாரமும் எங்காவது யாராவது
பேசியிருப்பார்கள்.

இதையெல்லாம் சொல்லவில்லை.
சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

தோண்டிய நாளில் நல்ல வெயில்.
ஒரு வடு இல்லை, ஒரு கறுப்பு இல்லை,
குளிப்பாட்டிய குழந்தையின் முழங்கால்போல்
கிழங்குகள்.
ஜோகி கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.
"இது எப்ப வெளிய வரும்?"
"அனுமதி வரணும்."
"எங்கிருந்து?"
தில்லி இருக்கும் திசை என்று நினைத்து
சார் அவலாஞ்சியைக் காட்டினார்.

முன்னூற்று எண்பத்தாறு கிலோ.
ஒவ்வொன்றாக எண்ணினால்
ஐயாயிரத்து நூற்று நாற்பது.
பிறகு குழி.
சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், மறுபடி சுண்ணாம்பு.
தின்னக் கூடாது, விற்கக் கூடாது,
யாருக்கும் கொடுக்கக் கூடாது. விதிமுறை.
கூடையைக் கவிழ்க்கும்போது
பாக்கியசெல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
புருஷனுக்கு மண் போட்டபோதுகூட
அவள் திரும்பியதில்லை.

குழியோரம் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது.

யாரும் பேசவில்லை.
"முள்ளம்பன்றி" என்றேன்.
வேலிக்கடியில் வளை இருந்தது உண்மை.
சார் வளையைப் பார்த்தார்,
என் ஸ்வெட்டர் பையைப் பார்த்தார்,
ஜோகி நின்றிருந்த இடத்தைப் பார்த்தார்.
முள்ளம்பன்றி என்று எழுதி
கையெழுத்துப் போட்டார்.

ராத்திரி அதை இரண்டாக வெட்டி வேகவைத்தேன்.
உப்பு, கொஞ்சம் மாசிச் சம்பல்.
நிரோஷினி தன் பங்கைத் தின்று முடித்துவிட்டு
என் தட்டைப் பார்த்தாள்.

உருளைக்கிழங்கு மாதிரிதான் இருந்தது.
இன்னொன்று எடுத்திருக்கலாம்.