காத்திருப்புக்கு ஒரு கட்டம்

மூன்றாம் முறையும் விளம்பரம் ஒட்டினேன்,
படகுத்துறைக் கடையின் கண்ணாடியில்,
காணாமற்போன பூனைக்கும்
விலைக்கு நிற்கும் டிராக்டருக்கும் நடுவே.
'வீட்டு உதவிக்கு ஆள் தேவை. சொந்தக் கார் கட்டாயம்.'
பூனை கிடைத்தது. டிராக்டர் விற்றது.
என் தாள் மட்டும் ஈரத்தில் சுருண்டது.

ஷெட்லாந்தில் நவம்பர். மூன்றரைக்கெல்லாம் இருட்டு.
பதினேழு வீடுகளுக்கு நான்கு பேர்,
அதிலும் ஒஸ்லாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் வந்தார் லவ்ரி.
சால்மன் பண்ணையில் இருபது வருடம்; தோள் போய்விட்டதாம்.
தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.
"முன் அனுபவம்?" என்றேன்,
படிவம் கேட்டதால்.
வெகுநேரம் யோசித்தார்.
"மீனைக் காய்ந்த கையால் தொடக் கூடாது.
செதில் உரிந்துவிடும். முதலில் கையை நனைக்கணும்."
அதையே எழுதினேன்.
இது என்ன என்று தலைமை அலுவலகம் கேட்டது.

திருமதி இஸ்பிஸ்டருக்கு ஆம்பிளைக் கை ஆகாது.
லவ்ரி பாத்திரம் கழுவினார். கோழிகளை அடைத்தார்.
எட்டாம் நாள் குளியலறைக் கதவருகே
முதுகைத் திருப்பிக்கொண்டு துண்டை நீட்டினார்.
பன்னிரண்டாம் நாள் அந்த அம்மாளே கூப்பிட்டாள்:
"முதுகு மட்டும்."

இரவு எட்டரைக்கு எல்லோரையும் அழைப்பேன்.
சாலையில் பனி உறைந்திருக்கிறதா என்றுதான் தொடங்குவேன்.
மற்றதெல்லாம் அதற்குப் பிறகு தானாக வரும்.

ஜனவரியில் ஒரு காலை, கிப்பி இறந்துபோனார்,
லவ்ரி ஊட்டிய கஞ்சி பாதிக் கிண்ணத்தில் இருக்க.
பத்து மணிக்கு அடுத்த வீடு.
"கிளம்புகிறேன்" என்றார் தொலைபேசியில்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி நகரவில்லை.
"வேண்டாம். அங்கேயே இருங்கள்."
பட்டியலைப் புரட்டினேன். ஆள் இல்லை.
ஆள் என்றால் நான்தான்.

பதினொரு வருடமாயிற்று, நான் ஓர் உடம்பைத் துடைத்து.
காகிதம் தொட்டுத் தொட்டுக் காய்ந்த கைகள்.
தாமசினாவின் தொட்டியில் வெந்நீர் விட்டு
இரண்டையும் முக்கிக்கொண்டு நின்றேன்.
"அங்கே என்ன பண்ணுகிறாய்? எனக்குக் குளிர்கிறது!"
"இதோ, வந்துவிட்டேன்" என்றேன்.
இன்னும் கொஞ்சம் நின்றேன்.

மாதக் கடைசியில் லவ்ரியின் பயணப்படிக் கணக்கு வந்தது.
மைல் அறுநூற்றுப் பதினான்கு. படகு இருபது.
ஓரத்தில் பென்சிலில், சிறியதாக:
கிப்பி வீட்டு வாசலில் நின்றது, நாற்பது நிமிடம். காசு வேண்டாம்.
நிற்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.
ஸ்கேலை வைத்து ஒன்று வரைந்தேன்,
முழுக் கூலி போட்டுக் கையெழுத்திட்டேன்.
தலைமை அலுவலகம் கேட்கும். கேட்கட்டும்.

கடைக் கண்ணாடியில் புதுத் தாள் ஒட்டியிருக்கிறேன்.
இன்னும் இரண்டு பேர் வேண்டும்.
கார் இருந்தால் நல்லது.