நாலாம் நம்பர் மைக்

போன வாரம் காதுகுத்து நடந்த கூடம்.
தூணில் இன்னும் வாழைநார் தொங்குகிறது.
கழுவிவிட்ட தரையில் கிடாக்கறி வாசம்
போவேனா என்கிறது.
சாப்டூர் மலைப்பக்கம் மழை கட்டியிருக்க,
பேரையூர் ரோட்டில் ஒரு மினிபஸ்
பாட்டுக்காரக் குடும்பத்தை இறக்கிவிட்டுப் போனது.
நாலு பேர், ஒரு கீபோர்டு, ஒரு டிபன் கேரியர்.

என் பெட்டிகளில் சிவப்புப் பெயிண்டில்
சோணை துணை என்று எழுதியிருக்கும்.
உபதேசியார் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
தோள் துண்டை எடுத்து மேலே போடப் போனவரை
அந்தக் கிருபாவதி அம்மாதான் தடுத்தது:
"சத்தம் நல்லா வந்தாப் போதும், விடுங்க பிரதர்."
பங்குனியில் இதே பெட்டியில்தான்
கருப்புக்கு உறுமி அதிர்ந்தது.
வலைக்கம்பியில் திருநீறு கொஞ்சம் இருக்கும்.

நாலு மைக். நாலு குமிழ்.
ஒன்று சீலாஸ், கீபோர்டோடு.
இரண்டு, அக்கா எப்சிபா. மூன்று, அம்மா.
நாலு, மாசிலாமணி ஐயா.
திருமங்கலம் ராஜபாளையம் வண்டியில்
இருபத்தெட்டு வருசம் கண்டக்டர்.
படியில் நின்று கல்லுப்பட்டி என்றால்
கடைசி சீட்டில் தூங்குகிறவன் எழுந்துவிடுவானாம்.
இப்போது கழுத்தின் குறுக்கே ஒரு தையல்,
சட்டைக் காலருக்கு அடங்காமல்.

ஆரம்பிக்கும் முன் சீலாஸ் வந்து
கேபிளைப் பார்ப்பது போலக் குனிந்தான்.
"அண்ணே, நாலாம் நம்பரைக் கீழ வச்சுக்கங்க.
சுத்தமா வேணாம். ஒரு நூல்."
அஞ்சு நிமிசம் கழித்து அம்மா,
தண்ணீர் கேட்கிற சாக்கில்:
"ஐயா மைக்க மட்டும் கொஞ்சம் தூக்கி விடுப்பா."
குமிழை நடுவில் வைத்தேன்.
பிறகு யோசித்து மகன் பக்கம் சாய்த்தேன்.
வாடகை பேசியது அவன்தான்.

அறுபது பேர் இருக்கும். பாதி சபை,
மீதி பூந்திக்கு வந்த பிள்ளைகள்.
மூன்று குரலும் எண்ணெய் போட்ட கப்பி மாதிரி
ஏறி இறங்கின.
ஐயாவுக்கு வாய் அசைந்தது, நரம்பு புடைத்தது.
பெட்டியிலிருந்து அவர் வரவேயில்லை.

வலையை வலது பக்கம் போடச் சொன்ன கதையை
அவர்களே பாட்டாகக் கட்டியிருந்தார்கள்,
கடலே பார்க்காத இந்தக் கரிசலில்.
மூன்றாம் சரணத்தில் கரண்டு போனது.
கீபோர்டு செத்தது. சீலாஸின் விரல்கள் மட்டும்
பழக்கத்தில் டொக்டொக்கென்று கொஞ்சம் ஓடின.
எப்சிபா நின்றுவிட்டாள். அம்மாவும்.
இருட்டில் ஒருத்தர் மட்டும் நிறுத்தவில்லை.

நல்ல குரல் இல்லை, சொல்லிவிடுகிறேன்.
தகரத்தில் செங்கல்லை இழுக்கிற மாதிரி,
இரண்டு சொல்லுக்கு ஒரு சொல் வெறும் காற்று.
ஆனால் வலது பக்கம் என்கிற இடத்தை
ஒரு நிறுத்தத்தைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்,
ஏறுகிறவன் ஏறு, இறங்குகிறவன் இறங்கு.
முதலில் அம்மா இறங்கியது,
அவர் நின்ற இடத்துக்கு.
பிறகு எப்சிபா, தடவித் தடவி,
அரைக்கட்டை அரைக்கட்டையாக.
சீலாஸ் பாடினானா தெரியாது. இருட்டு.

ஜெனரேட்டர் வெளியே வேம்படியில்.
ஒரே இழுப்பில் பிடிக்கிற மெஷின் அது.
அன்றைக்கு நாலு இழுப்பு.
முதல் மூன்றுக்கும் நான் சுவிட்சைப் போடவில்லை.

முடிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.
மழை நாலு துளி போட்டுவிட்டு
சாப்டூருக்கே திரும்பியிருந்தது.
பூந்திப் பொட்டலத்தோடு ஐயா வந்து நின்றார்.
காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது.
"எந்த ஊருக்குப் போனாலும் தம்பி,
என் மைக் மட்டும் ரிப்பேரா இருக்கு. எப்படி?"
நான் வயரைப் பார்த்தேன். ஒரு சிக்கல் கிடைத்தது,
அதை அவிழ்த்தேன்.
பொட்டலத்தைப் பெட்டிமேல் வைத்துவிட்டு
கடைசி மினிபஸ்ஸுக்குக் கை காட்டப் போனார்.

எல்லோரும் ஏறினார்கள், கீபோர்டு ஏறியது.
அவர் படியில் நின்று போலாம் ரைட் என்றார்.
டிரைவருக்குக் கேட்கவில்லை.
இன்னொரு முறை சொன்னார்.
உள்ளேயிருந்து சீலாஸ் கையை நீட்டி
தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான்.