தமிழ்ப் பிரதி

செவ்வாய் பின்னேரம் அந்தத் தாள் என் மேசைக்கு வந்தது.
சிங்களத்தில் ஒன்றரைப் பக்கம்.
நாளை காலைக்குள் தமிழ் வேண்டும் என்றார் செயலாளர்,
பிளேன்டீயை நின்றபடியே குடித்துக்கொண்டு.

நகர எல்லைக்குள் மசாஜ் நிலையங்களுக்கு
ஆறு மாதம் புதிய உரிமம் இல்லை.
பாடசாலை, வணக்கத்தலம் எதிலிருந்தும்
இருநூறு மீற்றருக்குள் இருப்பவை
தற்காலிகமாக மூடப்படும்.

மசாஜுக்கு என்ன எழுதுவது?
அகராதி 'உருவுதல்' என்றது.
எழுதினால் பஸ் ஸ்டாண்ட் முழுக்கச் சிரிக்கும்.
'நீவுதல்' என்றால் மாட்டையும் நீவலாம்.
'பிடித்துவிடுதல்' என்று அடித்தேன்.
அடித்துவிட்டு அதையே பார்த்திருந்தேன்:
பிடிப்பதும் விடுவதும் ஒரே சொல்லுக்குள்,
நடுவில் ஒரு வெற்றிடம்கூட விடாமல்.
அழித்தேன். 'மசாஜ்' என்றே போட்டேன்.
சபை பயப்படுகிற சொல் அதுதானே.

இருநூறு மீற்றரில் கை நின்றது.
இது பண்டாரவளை.
ஒரு கடையின் வாசல்
இன்னொரு கடையின் கூரைக்கு மேலே இருக்கும்.
நில்மினியின் கடை ஹார்ட்வெயாருக்கு மேல் மாடி.
அங்கிருந்து பள்ளிக்கூடக் கேற்றுக்கு
காகம் போனால் நூற்று நாற்பது.
ஆள் போனால்
பெற்றோல் செட்டைச் சுற்றி,
மார்க்கெட் படி எழுபத்தாறும் இறங்கி,
இருநூற்றுப் பன்னிரண்டு.
படிகளை எண்ணியவன் நான்.
தினமும் மகளின் புத்தகப்பையைத் தூக்குகிறவன்.

எந்த வழியால் அளப்பது என்று
சிங்களத்தில் இல்லை.
தொழில்நுட்ப அதிகாரி ரத்னசிறியைக் கேட்டேன்.
அளவுகோலை வரைபடத்தில் வைத்துக் காட்டினார்.
"பிளானில் மலை கிடையாது, மல்லி."

மின்சாரம் ஒருமுறை போய் வந்தது.
ஏழு மணிக்கு, யாரும் இல்லாதபோது,
'ஆட்கள் நடந்து செல்லும் வழியாக' என்று
நான்கு சொற்களைச் சேர்த்தேன்.
நெஞ்சு அடித்துக்கொண்டது, களவெடுத்தவனைப் போல.
பிறகு, வழக்கமாக அடியில் போடும் வரியையும் போட்டேன்:
பிரதிகளுக்கிடையே முரண்பாடு இருப்பின்
சிங்களப் பிரதியே மேலோங்கும்.
அந்த நான்கு சொற்களும்
இனி யாரையும் காப்பாற்றாது, யாரையும் கெடுக்காது.
அப்படியே விட்டேன்.

புதன் காலை ஒட்டினார்கள்.
பசை காயுமுன் பவளராணி வந்து நின்றாள்,
விரல் வைத்து வரிவரியாக.
அவள் கட்டைவிரல் தடித்தது தோட்டத்தில் அல்ல,
அந்த மாடியில்தான், ஐந்து வருடமாக:
வெலிமடை லொறிகளில் உருளைக்கிழங்கு ஏற்றுகிறவர்களின் முதுகு,
எல்ல ரயிலில் வந்திறங்கும் வெள்ளைக்காரிகளின் தோள்,
கையை மேலே தூக்க முடியாமல் ஓய்வு பெற்ற கணக்கு ரீச்சர்.

"சேர், நடந்து போற வழின்னு போட்டிருக்கே.
அப்ப நாங்க இதுல வரமாட்டோமே?"

கடைசி வரியைக் காட்டினேன்.
அதையும் விரல் வைத்தே வாசித்தாள்.

"அப்ப ஏன் சேர் போட்டீங்க?"

முத்திரைப் பெட்டியைத் திறந்து மூடினேன்.

"தற்காலிகம்னா எவ்வளவு நாளு?"
ஆறு மாதம் என்றேன்.
"எங்க லயத்தையும் அப்பிடித்தான் கட்டினாங்களாம்,"
என்றாள், கோபமே இல்லாமல்,
கரட் விலை சொல்கிறவள் மாதிரி.
பிறகு பன்னிரண்டாம் இலக்க விண்ணப்பம் கேட்டாள்.
மேன்முறையீட்டுக்கு. இரண்டு பிரதி.
ஒன்று பிழைத்தால் இன்னொன்று என்றாள்.

பகல் சாப்பாட்டுக்கு வெளியே வந்தபோது
ஹார்ட்வெயார் மாடிக் கம்பியில்
பதினெட்டுப் பச்சைத் துவாய்கள்.
நிறைய கிளிப் போட்டிருந்தாள், காற்றுக்கு.
மூடச் சொன்ன கடையில் இவ்வளவு துவைப்பு எதற்கு?
பனி ஏறி வந்து ஆறேழைத் தின்றது.
மிச்சத்தை எண்ணிப் பார்க்க
முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது.
நேற்று இரவிலிருந்து கழுத்து
பிடித்திருக்கிறது.