அரைப் பேர்

பிள்ளைக் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்து
போன தையில் பெயர்ப்பலகை மாட்டினார்கள்.
மூன்று மொழியில்: டிஜிட்டல் வாசல், மரபுக் காப்பகம்.
கீழே கம்பனியின் பச்சை இலை,
அதற்கும் கீழே, சின்னதாக, அறக்கட்டளை.
தமிழில் மட்டும் ஒரு துணைக்கால் விழுந்து
வாசல் 'வசல்' ஆகியிருந்தது.
சொன்னேன். குறித்துக்கொண்டார்கள்.

எனக்குச் சம்பளம் அவர்கள்தான்.
நல்லவர்கள், பொய் சொல்ல மாட்டேன்.
கரண்ட் போனாலும் ஓடுகிற பெட்டரி தந்தார்கள்.
சாதாரண தரப் பிள்ளைகள் பதினொருவர்
பழைய வினாத்தாளைத் திரையில் திறந்து
ஒருவர் தோளில் ஒருவர் நாடியை முட்டுக்கொடுத்து
கணக்குச் செய்கிற பின்னேரங்களில்
கீழே மஸ்கெலியாத் தண்ணீர்கூட
கொஞ்சம் கிட்ட வந்து எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

மீதி நேரம் ஸ்கேன்.
ஆபீஸ் பரணில் கிடந்த செக்ரோல் புத்தகங்கள்,
எலிப்புழுக்கை,
எந்தத் துரையின் குதிரைக்கோ வாங்கிய கொள்ளுக் கணக்கு.
ஒரு நாளைக்கு நாற்பது பக்கம்.
குறைந்தால் கேட்பார்கள்,
கொழுந்து குறைந்தால் மலையில் கேட்கிற மாதிரி இல்லை,
மின்னஞ்சலில்,
'அன்பின் கோகிலவாணி' என்று தொடங்கி.

நேற்று நாலே முக்காலுக்குச் சந்தனமேரி அக்கா வந்தார்.
இடுப்புப் படங்கைக்கூட அவிழ்க்கவில்லை.
வாசலில் செருப்பைக் கழற்றி
கணுக்காலில் இருந்த அட்டையைக் கழற்றி
"பழைய புத்தகமெல்லாம் இதுக்குள்ள ஏத்திட்டீங்களாமே.
எங்கம்மா பேரு இருக்கான்னு பாரு.
இந்தத் தோட்டத்துல வேலை செஞ்சாங்கன்னு காயிதம் கேக்குறாங்க,
காணிக்கு."

இருளாயி என்று அடித்தேன்.
முடிவுகள்: பூச்சியம்.
இருளாய், இருலாயி. இல்லை.
அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளையின் காதில்
எப்படி விழுந்திருக்கும்?
பெரட்டுக்களத்தில் கூப்பிடுகிற மாதிரி
ஒருதரம் கூப்பிடுங்கள் அக்கா என்றேன்.
கூப்பிட்டார்.
கணினிக்கு முன்னால் நின்று,
செத்துப்போன அம்மாவை, அந்தச் சத்தத்தில்.
பிள்ளைகள் வினாத்தாளை விட்டு நிமிர்ந்தார்கள்.

இங்கிலீஸ் எழுத்தில் 'எறூலை' என்று இருந்தது.

எழுபத்து நாலு, ஆகஸ்ட்.
பன்னிரண்டு, பதின்மூன்று: முழுப் பேர்.
எங்கள் பக்கம் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்,
அதைப் போடவும் வெட்டவும் ஆள் இருந்தது.
பதினான்கு: அரைப் பேர்.
பதினைந்திலிருந்து வெறும் கட்டம்.

அக்கா திரையைத் தொடாமல்
கறுத்த விரலைக் கொஞ்சம் தள்ளியே வைத்து எண்ணினார்.
"பதினஞ்சு விடியக்காலை நான் பொறந்தது.
முதநாள் மத்தியானம் மலையிலேயே வலி எடுத்திருக்கும்.
அந்த அரைப் பேரு நாந்தான்."
சிரித்தாரா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அச்செடுக்க அழுத்தினேன்.
'இப்பக்கம் அறக்கட்டளையின் பேணுகையிலுள்ள மரபுச் சொத்து.
அனுமதிக்கு விண்ணப்பிக்கவும்.
பதினான்கு வேலை நாட்கள்.'
காணிக் கூட்டம் வெள்ளிக்கிழமை.
மாதிரிப் பிரதி தரலாம்தான்,
ஆனால் அதில் பச்சை இலை பக்கத்துக்குக் குறுக்கே விழும்.
விழுந்தது. சரியாக அவள் மேல்.
'எறூ' மட்டும் மிச்சம்.

பின் அறையில் பெட்டிகள்
கொழும்பு லொறிக்காகக் கட்டியிருந்தன.
ஏழாவது பெட்டியின் கயிற்றை யார் அறுத்தது என்று
நான் சொல்லப்போவதில்லை.
புத்தகத்தைப் படங்குக்குள் சுற்றி
குழந்தையைத் தூக்குகிற மாதிரி அல்ல,
விறகு தூக்குகிற மாதிரி தலையில் வைத்தார் அக்கா.
மழையில் இறங்கினோம்.
பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போட்டோகொப்பிக் கடை,
பூட்டப் போகிறேன் என்றவன் பிறகு பூட்டவில்லை.
இரண்டு பிரதி. நாற்பது ரூபாய்.
புத்தகம் இரவே பெட்டிக்குத் திரும்பிவிட்டது,
ஒரு மூலை மட்டும் நனைந்து.

இன்று காலை மின்னஞ்சல்.
அன்பின் கோகிலவாணி,
நேற்றைய இலக்கில் இருபத்தொரு பக்கம் குறைகிறதே, காரணம்?
தெரிவுக்கு நாலு சொல் தந்திருந்தார்கள்:
மின்தடை, சுகயீனம், மழை, ஏனையவை.

மழை பெய்ததும் உண்மைதானே.
மழை என்று அழுத்தினேன்.