புழு இல்லை

விதை கல் மாதிரி இருந்தது.
பட்டறையில் கொலுசுப் பிசிறு தேய்க்கும் அரத்தில்
அதன் மொட்டை முனையைத் தேய்த்தேன்,
உள்ளிருந்து வெள்ளை எட்டிப் பார்க்கும் வரை.
முதலாளி பார்த்திருந்தால்
அரத்துக்கு வாடகை கேட்டிருப்பார்.

ஐந்தில் இரண்டு அழுகின.
ஒன்று முளைவிட்டு, விரல் நீளம் வளர்ந்து,
மனசு மாறி நின்றுவிட்டது.
மிச்சம் இரண்டை
நீல டிரம்மைப் பாதியாய் அறுத்த தொட்டியில் இறக்கினேன்.
மூக்கனேரி வண்டல் இரண்டு சாக்கு,
ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் உட்கார்ந்து
கன்னங்குறிச்சியிலிருந்து செவ்வாய்ப்பேட்டை வரைக்கும்
சொட்டிக்கொண்டே வந்தது.

குழாயில் தண்ணீர் ஐந்து நாளுக்கு ஒருமுறை.
குடம் குடமாய் மூன்றாம் மாடிக்கு.
"குடிக்கவே காணோம், குளம் வெட்டுறாளாம்"
கீழ்வீட்டு சுலோச்சனா, என் காதில் விழும்படியாக.
ஏற்காட்டு மேல் நின்ற மேகம்
அங்கேயே எல்லாம் செலவழித்துவிட்டு
வெறுங்கையோடு இறங்கி எங்களைக் கடந்துபோனது.

புரட்டாசியில் மாநகராட்சியிலிருந்து
கொசு மருந்துக்காரி வந்தாள்.
"கவுத்து விடுங்க. டெங்கு சீசன்."
தொட்டியை மறைத்து நின்றேன்.
"மீன் இருக்குங்க."
"எங்க?"
டார்ச் அடித்தாள். இலைக்கடியில்
ஒன்பது கப்பிகள் வெளிச்சத்துக்கு மிரண்டு சிதறின.
இன்னும் நாற்பது வீடு பாக்கி அவளுக்கு.
ஆனாலும் குனிந்தே இருந்தாள்.
பிறகு இலைமேல் விரலால் தண்ணீர் தெளித்தாள்.

கரிமேல் உருகிய வெள்ளி இப்படித்தான்,
எதையும் நனைக்காமல் உருண்டு ஓடி ஒன்றாகும்.
பட்டறையில் அதற்கு மில்லிகிராம் கணக்கு.
இவளோ
தெளித்தாள், சாய்த்துக் கொட்டினாள், மறுபடி தெளித்தாள்.

போகும்போது மொட்டைமாடிச் சுவரில்
சுண்ணக்கட்டியால் தேதி போட்டு எழுதினாள்:
தொட்டி 1. புழு இல்லை. தனபாக்கியம்.

ஐப்பசியிலும் அதே வரி. தையிலும்.
பங்குனி வெயிலில்
இலைகள் தண்ணீரை விட்டு எழுந்து நின்றன,
தண்டெல்லாம் முள்.
சித்திரையில் ஒன்று மட்டும் சுருள் பிரியவில்லை.
அடம்பிடிக்கும் இலை என்றே நினைத்தேன்.
தனபாக்கியம்தான் நட்டநடுப் பகலில் டார்ச் அடித்து
"இது வேறங்க" என்றாள்.

சுவரில், பழைய தேதிகளுக்குக் கீழே:
தொட்டி 1. புழு இல்லை. மொட்டு

எண் போடுவதற்குள் சுண்ணக்கட்டி உடைந்து உருண்டது.
தேட நேரமில்லை அவளுக்கு.
சுலோச்சனா வீட்டு சின்டெக்ஸ்
மூடியில்லாமல் கிடக்கிறதாம்.