நாலு விரற்கடை

பெரிய மார்க்கெட் பின்வாசல்.
பெலவேந்திரன் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள்
ஒரே மடக்குக்கத்தி ஏழு விதமாய்ப் படுத்திருக்கிறது.
எல்லாம் ஒரே அப்பனுக்குப் பிறந்தது என்கிறார்.
கொஞ்சம் ஒடுங்கிய இடுப்பு,
வால்பக்கம் வளைந்த பிடி,
முதுகில் ஒட்டிக்கொண்டு ஓர் இரும்புப் பூச்சி.
ஈயா, தேனீயா என்று கேட்டேன்.
விலையைப் பொறுத்தது என்றார்.

வீட்டுக்காரருக்கா?
இல்லை, கயிறு அறுக்க.
பார்சல் ஆபீசில் நாளைக்கு நூற்றிருபது உருப்படி.
ஆபீஸ் கொடுக்கும் கட்டர்
அட்டைப்பெட்டிக்கே பல் உடைந்துபோகிறது.
சணல் என்றால் அழுகிறது.

கொம்புப் பிடியைத்தான் முதலில் எடுத்தேன்.
கறுப்பில் வெள்ளை ரேகை,
கைக்குள் உடனே சூடாகிவிட்டது.
மழையில் வழுக்கும் என்று அவரே சொன்னார்,
விற்கத் தெரியாத மனுஷன்.
ஈட்டிமரம் வழுக்காது. ஆனால் உப்புக்காற்றில்
ஆணியைச் சுற்றி வாய்பிளக்கும்.
நான் இருப்பது கடலூர் முதுநகரில்,
துறைமுகத்துக்கு இரண்டு தெரு.
எங்கள் வாசலுக்கு வருஷத்துக்கு ஒரு பூட்டு.
பித்தளைப் பிடி கனம்.
பையில் போட்டு நடந்து பார்த்தேன்,
ஒரு பக்கம் சாய்ந்தேன்.

இரும்பிலும் இரண்டு ரகம்.
கறுக்கிறது, கறுக்காதது.
கறுக்கிறதுதான் நன்றாக அறுக்குமாம்.
எலுமிச்சை பட்டால் நீலம் பூக்கும்,
தினமும் துடைக்கணும், எண்ணெய் போடணும்,
ஈரத்தில் விட்டால் கோபித்துக்கொள்ளும்.
வீட்டில் ஏற்கெனவே ஒருத்தரை
அப்படித்தான் வைத்திருக்கிறேன்.
கறுக்காததைக் காட்டுங்கள்.

அப்புறம் அந்தத் திருகு வைத்த கத்தி.
பிடியின் வயிற்றில் பன்றிவாலாய்ச் சுருண்டிருந்தது.
ஒயின் புட்டித் தக்கைக்கு.
எனக்கு ஆகாது என்று தெரிந்தே
அதை மட்டும் மூன்று தடவை திறந்து மூடினேன்.
ஏழே முக்கால் பஸ்ஸில் போகிறவள் நான்.
ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் ஏறி
பை பையாய்த் துழாவும் காவலர்
இந்தத் திருகைப் பார்த்தால்
புட்டி எங்கே என்பார்.
இல்லாத புட்டியை எங்கிருந்து காட்டுவது?

வெறும் கத்தியைப் பார்த்தால்?
அதையும் யோசித்தேன்.
அலகின்மேல் விரல் வைத்து அளந்தேன்.
நாலு விரற்கடை.
வெண்டைக்காய்க்குப் போதும், அஞ்சலாட்சி,
ஆளைப் பயமுறுத்தாது என்று சிரித்தார் பெலவேந்திரன்.

போன செவ்வாய்க்கிழமை
ரெட்டிச்சாவடி தாண்டி, விளக்கு அணைத்த பஸ்ஸில்,
சீட்டுச் சந்து வழியாக
என் இடுப்புக்கு வந்த விரல்களை
அவரிடம் சொல்லவில்லை.
யாரிடமும் சொல்லவில்லை.

ஒவ்வொன்றாய்க் காதருகே வைத்து மூடினேன்.
கொம்பு, சொத்.
பித்தளை வாயே திறக்கவில்லை.
ஈட்டிமரம்,
டக்.
பக்கத்துக் கடையில் வெங்காயம் பொறுக்கிய ஆள்
நிமிர்ந்து பார்த்தார்.
இது, என்றேன்.
உப்புக்குப் பிளக்குமே.
பிளக்கட்டும், அப்போது வருகிறேன்.
நாற்பது ரூபாய் குறைத்தார், ஈயாகத்தான் இருக்க வேண்டும்.

ஜன்னல் சீட். மடியில்
பஸ் ஸ்டாண்டில் வாங்கிய கொய்யா.
கன்னியக்கோயில் போனது, முள்ளோடை போனது.
விளக்கு அணைந்ததும் திறந்தேன்.
இருட்டில் தடவித் தடவி நாலாய் வகுந்தேன்.
மூடினேன்.
டக்.
பின்சீட்டில் யாரோ
காலை உள்ளே இழுத்துக்கொண்ட சத்தம்.
அதே ஆளா, தெரியாது.
தூங்கி விழுந்த பாவப்பட்ட எவனோவாகக்கூட இருக்கலாம்.
இருந்தும் இன்னொரு தரம் திறந்தேன்,
நறுக்க ஒன்றும் இல்லாமல்.
டக்.

ஆல்பேட்டையில் டார்ச்சோடு ஏறினார் காவலர்.
பையில் என்னம்மா?
கொய்யா சார், என்று நீட்டினேன்.
கத்தி மடியிலேயே கிடந்தது, மூடிய வாயோடு.
வெளிச்சம் அதன்மேல் ஒரு கணம் நின்று
துண்டுக்குத் திரும்பியது.
ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே
உப்பு இல்லையா என்றார்.